குரல் ஒன்பது

ஜூன் 3, திங்கள்

மாடித் தொட்டி கழுவ வருவதாக ஆள் சொல்லியிருந்தான். வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லவும் வரவில்லை.

காலையில் ஒரு பெண் வந்தாள். வாசல் பலகையைப் படித்துவிட்டு, "அருளப்பன் சார் வீடுங்களா?" என்று கேட்டாள். என் கணவர், இறந்துவிட்டார், வீடு என்னுடையது என்றேன். பெயர் மதிவதனி. சென்னையில் ஆராய்ச்சி செய்கிறாள். அவளுடைய பேராசிரியை, நான் சுருக்கெழுத்தராக இருந்த கோர்ட்டின் பழைய நீதிபதி ஒருவரின் மகள். "பிழையில்லாத தமிழ் டைப்பிங் வேணும்னா திருச்சிக்குப் போ" என்று அனுப்பி வைத்திருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவளை உட்காரச் சொன்னேன் என்று எழுத மாட்டேன்.

ஆராய்ச்சி, எலக்ட்ரானிக் இசைத் துறையில் ஆண் பெண் ஏற்றத்தாழ்வு பற்றி. கம்ப்யூட்டரிலும் சிந்தசைசரிலும் இசை அமைக்கிற, டிஜே வேலை பார்க்கிற தமிழ்ப் பெண்களைப் பேட்டி எடுத்திருக்கிறாள். தேடித் தேடியும் ஒரு சிலர்தான் அகப்பட்டார்களாம். பேட்டிகளைக் கேட்டு நான் தட்டச்சு செய்ய வேண்டும். பெயர்கள் கிடையாது. குரல் ஒன்று, குரல் இரண்டு என்று எண்கள்தான். ஆள் தெரியாமல் இருக்கக் குரலையும் மாற்றிக் கனமாக்கியிருக்கிறாள்.

கேள்வித்தாளைக் காட்டினாள். அடுக்கு மாறாமல் அழகாக இருந்தது.

"நல்லா இருக்கே. யாரு பண்ணிக் குடுத்தது?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நானேதான் மேடம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாராட்டை நேராக வாங்கிக்கொள்ளத் தெரிவதில்லை.

ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. பேசுகிறவர் யாரென்று தெரிந்துவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி அவளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

"அப்படி ஆகாது. சும்மா ஒரு சம்பிரதாயம். இந்த மாதிரி மியூசிக் எல்லாம் நீங்க கேப்பீங்களா ஆன்ட்டி?"

"இல்லை. ஆன்ட்டி வேண்டாம். மேடம் போதும்."

"சாரி மேடம். பசங்க யாராவது?"

"ஒரு மகள். பெங்களூர்ல இருக்கா. கம்ப்யூட்டர்ல வேலை."

இது பொய்யல்ல. கம்ப்யூட்டரில்தான் செய்கிறாள்.

ஜூன் 6, வியாழன்

இரண்டு குரல்கள் முடிந்தன. மாற்றிய பிறகு எல்லாருமே ஜலதோஷம் பிடித்த ஆண்கள் போலப் பேசுகிறார்கள். கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த லூர்து அப்படியே நின்றுவிட்டாள்.

"யாரும்மா இது, பேய் பேசுற மாதிரி?"

"பொம்பளை."

"இந்தக் குரல்லயா? அப்ப நெசமாவே பேய்தான்."

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

குரல் இரண்டு மதுரைப் பக்கம். கல்யாண வரவேற்புகளில் டிஜே. மேடையேறினால் மைக்செட்காரர் "டிஜே எங்கம்மா?" என்று கேட்கிறாராம். "நான்தாண்ணே" என்றால் அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்க்கிறாராம். பேனரில் அவள் படம் ஆளுயரம். பெயர் இருக்காது, 'லேடி டிஜே' என்று மட்டும் இருக்கும். இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். சிரிப்பையும் எழுத வேண்டுமாம், அடைப்புக்குறிக்குள்.

கோர்ட்டில் இதெல்லாம் கிடையாது. சாட்சி "சும்மா அப்டியே போய்க்கிட்டிருந்தேங்கய்யா" என்பார். நீதிபதி "நான் அவ்வழியே சென்றுகொண்டிருந்தேன்" என்று திருத்திச் சொல்வார். நான் அதை எழுதுவேன். சாட்சி அழுதால் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருப்போம். அழுகை பதிவில் வராது.

பழக்கத்தில் இவர்கள் பேச்சையும் கொஞ்சம் சுத்தம் செய்து அனுப்பினேன்.

ஜூன் 11, செவ்வாய்

மதிவதனி போனில் பதறினாள்.

"மேடம், குரல் ரெண்டுல சும்மா எல்லாம் எங்க போச்சு?"

"எடுத்துட்டேன். அர்த்தமில்லாத சொல்."

"ஐயோ மேடம், எனக்கு வேண்டியதே அதுதான்! ராப்பகலா உக்காந்து ஒரு பாட்டை முடிச்சிட்டு, 'சும்மா தட்டிப் பார்த்தேன்'ங்கறாங்க. முழு ஆல்பம் போட்டவங்க, 'சும்மா கூட இருந்தேன்'ங்கறாங்க. இதே வேலை பாக்கற ஆம்பளைங்களையும் பேட்டி எடுத்தேன். ஒருத்தர் வாயில அந்த வார்த்தை வரல. என் தீசிஸ்ல பாதி அந்தச் சும்மா மேலதான் நிக்குது."

சும்மாவுக்கு டாக்டர் பட்டம். போட்டுத் தருகிறேன் என்றேன்.

கான்வென்ட்டில் எங்கள் மதர் அந்தச் சொல்லைக் கேட்டாலே பிரம்பால் மேஜையைத் தட்டுவார். சோம்பேறிகளின் சொல் என்பார். வாக்கியத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதே வழக்கத்தை நான் என் வீட்டிலும் வைத்திருந்தேன். மகள் ஜெனிட்டா சிறுமியாக இருந்தபோது 'சு' என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து, 'வெறுமனே' என்று முடிப்பாள். பள்ளியில் பிள்ளைகள் அவளுக்கு வெறுமனே என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டதாக என் கணவர் சொன்னார். நல்ல தமிழுக்குக் கிடைத்த பெயர்தானே என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

எடுத்த சும்மாக்களை எல்லாம் மறுபடி சேர்த்தேன். அரிசியிலிருந்து பொறுக்கிய கல்லைத் திரும்பப் போடுவது போல இருந்தது.

குரல் நான்கு, ஐந்து, ஏழு. ஊர் வேறு, வயது வேறு. ஆனால் எல்லார் பேச்சிலும் ஒரே இடம் வருகிறது. அவர்கள் செய்த இசையை ஒருவரிடம் போட்டுக் காட்டுகிறார்கள். அவர் கேட்கிறார். தலையாட்டுகிறார். பிறகு, "யாரு பண்ணிக் குடுத்தா?" என்கிறார். ஒருத்தியிடம் "பாய்ஃப்ரெண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். இன்னொருத்தியிடம் "அண்ணன் இருக்காரா?" என்று. ஏழாவது பெண் தான் செய்வதைக் கம்ப்யூட்டர் திரையோடு வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு, யார் கேட்டாலும் அதைக் காட்டுகிறாளாம், ரேஷன் கார்டு காட்டுவது போல.

என்ன மனிதர்களோ. ஒரு பெண் தன் வேலையைக் கையில் எடுத்து நீட்டினால், வாயில் வருகிற முதல் கேள்வி இதுவா? மரியாதை என்பது வீட்டில் சொல்லித்தர வேண்டியது.

ஜூன் 19, புதன்

தொட்டி ஆள் இன்றும் வரவில்லை. அலமாரியை ஒழித்தேன். அவருடைய சட்டைகளுக்கு அடியில் ஜெனிட்டா அனுப்பிய சிடி இருந்தது. அவளுடைய முதல் ஆல்பம் அது. நானும் அவரும் கூடத்தில் உட்கார்ந்து முழுவதும் கேட்டோம். வார்த்தையில்லாத இசை, ஆனால் பிசிறு இல்லை. அவர் கேட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. நான்தான் உடனே போன் செய்து பாராட்டினேன். அவள் சரி என்று சொல்லி வைத்துவிட்டாள். அடுத்து அவள் எதுவும் அனுப்பவில்லை. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் பேசுகிறாள். சுகமா என்பாள், சுகம் என்பேன்.

சிடியைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தேன். அதைப் போட்டுக் கேட்கிற பெட்டி இப்போது வேலை செய்வதில்லை.

ஜூன் 24, திங்கள்

குரல் ஒன்பது, முதல் பகுதி.

இந்தப் பெண் தெளிவாகப் பேசுகிறாள். வாக்கியங்களை முடிக்கிறாள். பெரிய கச்சேரிகளில் தன்னை எப்போதும் முதலில் ஏற்றுவார்கள், நாற்காலிகள் நிறைவதற்குள் இறக்கிவிடுவார்கள் என்றாள். ஒலி சரிபார்க்க வருகிறவர், அவள் திருப்பி வைத்த பித்தான்களை ஒரு வார்த்தை சொல்லாமல் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டுப் போவாராம். "நான் அவர் போறவரைக்கும் வெறுமனே நிப்பேன். போனதும் மறுபடி மாத்துவேன்."

மற்றவர்கள் சும்மா சொல்கிற இடத்தில் எல்லாம் இவள் வெறுமனே என்கிறாள். ஓரிடத்தில் 'சு' என்று தொடங்கி நிறுத்தினாள்.

ஹெட்போனைக் கழற்றினேன். குத்துவிளக்கும் மெழுகுத்திரித் தண்டுகளும் புளி போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தன. தேய்த்தேன். லூர்து, "போன வாரந்தானே தேச்சேன்?" என்றாள்.

ஜூன் 25, செவ்வாய்

தட்டச்சு செய்யவில்லை. தொட்டி கழுவினார்கள்.

ஜூன் 27, வியாழன்

விதிப்படி நான் நிறுத்த வேண்டும். ஆனால் ஒரு சொல்லை வைத்து ஓர் ஆளை அடையாளம் காட்டினால் எந்த நீதிமன்றமும் ஏற்காது. வெறுமனே என்று சொல்லப் பழகிய பெண்கள் தமிழ்நாட்டில் வேறு யாரும் இருக்கக் கூடாதா? சந்தேகம் தீர்வதற்காக மட்டும் தொடர்ந்து கேட்டேன்.

சந்தேகம் தீர்ந்தது. குரல் ஒன்பது சிறிது காலம் தன் பாடல்களை ஓர் ஆண் பெயரில் வெளியிட்டிருக்கிறாள். அருள் என்ற பெயரில். அப்பா பெயரிலிருந்து எடுத்துக்கொண்டாளாம்.

"அருள்னு போட்டதும் கூப்பிட ஆரம்பிச்சாங்க. எந்த மெஷின் வெச்சிருக்கீங்க, எப்படி அந்த சத்தம் கொண்டு வந்தீங்கன்னு கேட்டு மெயில் மேல மெயில். நேர்ல போய் நின்னா, 'அருள் எங்க? நீங்க அவரு மேனேஜரா?'ங்கறாங்க. [சிரிப்பு] ஒரு தடவை ஆமான்னு சொல்லிட்டேன். அருளுக்குக் காய்ச்சல், அவருக்குப் பதிலா நான் வாசிக்கிறேன்னு சொல்லி வாசிச்சேன். முடிச்சதும் ஒருத்தர் வந்து, 'அருள் நல்லா ட்ரெயின் பண்ணியிருக்காரு'ன்னாரு."

அவள் அப்பாவுக்கு இது தெரிந்திருந்ததா என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்.

மதிவதனி வாட்ஸ்அப்பில் 'ஒன்பது எப்படிப் போகிறது மேடம்?' என்று கேட்டிருந்தாள். 'நடக்கிறது' என்று பதில் போட்டேன். இரண்டாம் பகுதி இன்னும் கேட்கவில்லை.

ஜூன் 29, சனி

புனிதர்கள் இராயப்பர், சின்னப்பர் திருநாள். பூசைக்குப் போனேன். பாடற்குழுவில் கீபோர்டு வாசிப்பது ஒரு பெண்பிள்ளை. புதிதாக வந்திருக்கிறாளா, இத்தனை நாள் நான்தான் பார்க்கவில்லையா தெரியவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

குரல் ஒன்பது, இரண்டாம் பகுதி. கேட்டதைக் கேட்டபடி இங்கே எழுதி வைக்கிறேன்.

"என் மொதல் ஆல்பத்தை வீட்டுக்குத்தான் அனுப்பினேன். வேற யாருக்கும் காட்டறதுக்கு முன்னாடி. அம்மா போன் பண்ணாங்க. நல்லா இருக்கே, யாரு பண்ணிக் குடுத்ததுன்னு கேட்டாங்க."

மதிவதனி: "நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. சரின்னு வெச்சிட்டேன். அப்புறம் ஸ்டூடியோல, கிளப்ல, எத்தனையோ பேரு அதையே கேட்டாங்க. எனக்குப் பெருசா ஒண்ணும் வலிக்கல. மொதல்லயே பெரிய இடத்துல கேட்டாச்சே. [சிரிப்பு]"

நான் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன். 'யார் சொல்லிக் கொடுத்தது' என்று கேட்டிருப்பேன். ஒரு பிள்ளை புதிதாக ஒன்றைச் செய்தால் எந்தத் தாயும் கேட்பதுதான். போனில் அவளுக்குச் சரியாகக் கேட்காமல் இருந்திருக்கலாம். எனவே 'யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாங்க' என்று தட்டச்சு செய்தேன்.

ரசம் சாதம் சாப்பிட்டேன். லூர்து துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது என்றாள். திரும்ப வந்து உட்கார்ந்து அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டேன். 'பண்ணிக் குடுத்தது' என்றுதான் இருக்கிறது. பிறகு இந்த நாட்குறிப்பில் ஜூன் 3 பக்கத்தில் கேள்வித்தாள் பற்றி எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன்.

தட்டச்சில் மாற்றியதை மாற்றி, அவள் சொன்னபடி வைத்தேன்.

ஜூலை 3, புதன்

பருப்பு வாங்கினேன்.

ஜூலை 5, வெள்ளி

மதிவதனியைக் கூப்பிட்டேன்.

"ஒன்பதாவது குரல் யாருன்னு எனக்குத் தெரியும்."

"எப்படி மேடம்? எனக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு மாத்தியிருக்கேனே."

"அவ சும்மான்னு சொல்ல மாட்டா."

எப்போது தெரிந்தது என்று கேட்டாள். முதல் பகுதியிலேயே என்றேன்.

"அப்பவே நிறுத்தியிருக்கணும் மேடம். கையெழுத்துப் போட்டீங்கல்ல?"

"ஆமா."

நான் வேலை பார்த்த காலம் முழுவதும் யாரும் என்னிடம் இந்தத் தொனியில் பேசியதில்லை. பேச நான் இடம் கொடுத்ததில்லை.

"யாரு மேடம் அவங்க?"

"என் மகள்."

"கம்ப்யூட்டர்ல வேலைன்னு சொன்னீங்க?"

"கம்ப்யூட்டர்லதானே செய்யறா."

அவள் சிரிக்கவில்லை. இதை ஜெனிட்டாவிடம் சொல்லியே ஆக வேண்டும் என்றாள். யார் தன் பேட்டியைக் கேட்டார்கள் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை உண்டு. வேண்டாமென்று அவள் சொன்னால் பேட்டி முழுவதையும் அழித்துவிட வேண்டும். அது இல்லாவிட்டால் ஆராய்ச்சியில் ஓர் அத்தியாயமே விழுந்துவிடும்.

"உங்களைத் திட்டறதுக்காக இதைச் சொல்லல மேடம்."

"திட்டலாம். தப்பில்லை."

முடித்ததை எல்லாம் அனுப்பிவிட்டு ஹெட்போனைப் பெட்டியில் வைத்தேன்.

ஜூலை 6, சனி

லூர்து வரவில்லை. அவள் மகளுக்குக் காய்ச்சல். நானே பெருக்கினேன்.

ஜூலை 8, திங்கள்

போன் எதுவும் வரவில்லை. மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்தேன்.

ஜூலை 10, புதன்

மதிவதனி கூப்பிட்டாள். குரலில் பழைய கலகலப்பு கொஞ்சம் திரும்பியிருந்தது.

"சொல்லிட்டேன் மேடம். ஜெனிட்டா முழுசாக் கேட்டுக்கிட்டாங்க. அப்புறம், 'அந்த யாரு பண்ணிக் குடுத்தா இடத்தை அவங்க டைப் பண்ணிட்டாங்களா?'ன்னு கேட்டாங்க. பண்ணிட்டாங்கன்னேன். எப்படிப் பண்ணியிருக்காங்க, படின்னாங்க. படிச்சேன்."

"ம்."

"அதைக் கேட்டுட்டு, 'சரி, மிச்சத்தையும் அவங்களே பண்ணட்டும். அவங்க ஒரு வார்த்தை மாத்த மாட்டாங்க'ன்னாங்க. எங்க பேராசிரியைகிட்டயும் கேட்டுட்டேன். பேட்டி குடுத்தவங்களே ஒத்துக்கிட்டா சரிதான்னுட்டாங்க. மூணாவது பகுதி அனுப்பட்டுமா மேடம்?"

அனுப்பு என்றேன். ஒரு வார்த்தையை மாற்றியிருந்தேன், பிறகு திருத்தினேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை.

ஜூலை 11, வியாழன்

மூன்றாம் பகுதி சிறியது. கடைசியில் இது:

மதிவதனி: "அதுக்கப்புறம் அம்மாவுக்கு எதையும் அனுப்பினீங்களா?"

"இல்லை."

"அனுப்பணும்னு தோணியிருக்கா?"

[மௌனம்]

"அடுத்த கேள்விக்குப் போலாமா?"

மௌனம் எவ்வளவு நீளம் என்பதையும் குறிக்க வேண்டும் என்பது விதி. அளந்து குறித்தேன். சரிதானா என்று மறுபடியும் அளந்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

பூசை முடிந்து வந்து பார்த்தபோது போனில் ஜெனிட்டாவிடமிருந்து ஒரு பாட்டு வந்திருந்தது. கூட ஒரு வார்த்தை கிடையாது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன்.

எனக்கு இந்த இசையில் பழக்கமில்லை. கனமான ஒரு சத்தம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் மேல் தகரத்தில் மழை விழுவது போல ஒன்று வருகிறது, நிற்கிறது. எப்போது திரும்ப வரும் என்று காத்திருக்கும்போது வேறோர் இடத்திலிருந்து வருகிறது. பிசிறு இல்லை. இரண்டு தடவை கேட்டேன். சோற்றை அடுப்பில் வைத்திருந்தது மறந்துபோய்க் குழைந்துவிட்டது.

கூப்பிட்டேன். கிறிஸ்துமஸும் இல்லை, ஈஸ்டரும் இல்லை, அதனால் எடுப்பாளோ என்று நினைத்தேன். எடுத்தாள்.

"கேட்டேன்" என்றேன்.

"ம்."

"நல்லா இருக்கு."

"ம்."

அவள் அடுத்ததற்காகக் காத்திருந்தாள். அந்த மௌனத்தை எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். வாய்வரை வந்தது என்ன கேள்வி என்று இங்கே எழுத வேண்டியதில்லை. விழுங்கிவிட்டு வேறு கேட்டேன்.

"எப்படிப் பண்ணினே?"

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"நிஜமாவே தெரியணுமா உங்களுக்கு?"

"தெரியறதுக்குத்தானே கேக்கறேன்."

சொன்னாள். முதலில் நிறுத்தி நிறுத்தி, பிறகு வேகமாக. ஆஸிலேட்டர் என்றாள், ஃபில்டர் என்றாள். பாதி புரியவில்லை. புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னேன். கோர்ட்டில் வேகமாகப் பேசுகிற வக்கீல்களையும் அப்படித்தான் நிறுத்துவேன். "அம்மா, இதுக்கெல்லாம் சுருக்கெழுத்து கிடையாது" என்றாள். அவள் அப்பா சிரிக்கிற மாதிரியே சிரிக்கிறாள். குரலை மாற்றினால் அது தெரியாமல் போய்விடுகிறது.

"அந்த மழை மாதிரி வருதே, அது?"

"அதுவா? அது பெருசா ஒண்ணுமில்லம்மா. சும்மா தட்டிப் பார்த்தேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது போலும், பேச்சை நிறுத்தினாள். பழைய நாளாக இருந்தால் வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லச் சொல்லியிருப்பேன். தவறு தவறுதான். விட்டுவிட என்னால் முடியாது.

"சும்மா இல்ல" என்று திருத்தினேன்.

அவள் போனை வைக்கவில்லை.